தரைக்கு இறங்கிய சோலைமந்திகள்

மானிடவியல் படித்தவள் குரங்கின் பின்னால் ஏன் அலைகிறாய் என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் தெளிவான பதில் இருந்தது. ஆதி மனிதனை அறிய எலும்புகள் மட்டும் போதாது, உயிரோடு இருக்கும் குரங்குகளின் சமூக வாழ்க்கையும் வேண்டும் என்று சொன்னவர் அமெரிக்க மானிடவியலாளர் ஷெர்வுட் வாஷ்பர்ன். ஜேன் குடால் 1960இல் சிம்பன்சிகளைத் தேடி ஆப்பிரிக்காவின் கோம்பேக்குப் போனதும் இதே நோக்கத்தோடுதான். அந்த வழியில் நானும் ஆனைமலைக்கு வந்தேன். மனிதர் நடமாட்டம் இல்லாத காட்டில் சோலைமந்திகளை, அதாவது சிங்கவால் குரங்குகளைப் பார்த்து மனிதரைப் புரிந்துகொள்வது என் ஆசை.

அன்று அவை கண்ணில் படுவதே அரிது. சோலைமந்தி உச்சிக் கிளைகளில் வாழ்வது. வெடிப்பலா பழுக்கும் காலத்தில், மேலிருந்து விழும் தோலை வைத்துத்தான் கூட்டம் இருக்குமிடம் தெரியும். ஜீன் ஆல்ட்மன் 1974இல் வகுத்த முறைப்படி ஒரு மந்தியை மட்டும் குறித்த நேரம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும்: என்ன தின்றது, யாருக்குப் பேன் பார்த்தது, எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்தது. உயரத்துக்கான கட்டத்தில் ‘தரை’ என்று எழுத வேண்டிய நாள் அபூர்வமாகவே வந்தது.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் இன்று அந்தக் கட்டத்தில் ‘தரை’ என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். சுமார் 90 ஹெக்டேர் துண்டுக்காடு அது. பெருமரங்கள் பல போய், எஞ்சியவற்றின் நிழலில் காப்பி வளர்கிறது; சுற்றிலும் தேயிலை. கிளைக்குக் கிளை தாவ வழியில்லாததால் மந்திகள் இறங்கி நடக்கின்றன. தார்ச்சாலையைக் கடக்கின்றன, குப்பைத்தொட்டியைக் கிளறுகின்றன, கூரை வழியே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குள் புகுகின்றன.

“மேடம், உங்க குரங்கு வந்து அரிசிப் பானையைக் கவுத்துட்டுப் போயிருச்சு. யாரு தருவா?” என்று ஒரு அக்கா கேட்டார். அவர் கோபம் நியாயமானது. காலை முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவருக்கு ஒருவேளைச் சோறு போவது சின்ன இழப்பல்ல. எந்த நேரத்தில் வருகிறது, எந்த ஜன்னல் வழியாக, வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டேன். மனிதரை அறிய மந்தியிடம் வந்த எனக்கு, மந்தியைக் காப்பாற்ற இப்போது மனிதரின் அன்றாடத்தைப் படிப்பதே முழுநேர வேலை. இதையே உண்மையான மானிடவியலாக நான் மதிக்கிறேன்.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டிகளை மெதுவாகப் போகச்சொல்லக் காவலர்கள் நிற்கிறார்கள். அந்த உழைப்பு முழுவதையும் ஒரு சிப்ஸ் பாக்கெட் கெடுத்துவிடும். கையில் தீனி பார்த்துப் பழகிய மந்தி பாலத்தில் ஏறாது, சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கே வண்டியில் அடிபட்டு ஒன்று செத்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது: ஒரு பெண் மந்தி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குட்டிதான் ஈனும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை காட்டில் இல்லை. வளர்ந்தவை ஏறத்தாழ 2,500தான் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களே, புதுத்தோட்டம் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். எதையும் வீசாதீர்கள், கொடுக்காதீர்கள்.