பெருங்குடி மருதம்: வேலைச் சலிப்பின் திணை குறித்து ஓர் ஆய்வு

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்ப்பவருக்கு மூன்றாம் வருடம் வரும் சலிப்பை மனநல நிபுணர்களிடம் விட்டுவைத்தது நம் புலவர்கள் குற்றம். அது அகத்திணையைச் சேர்ந்தது. பெருங்குடியைக் களமாகக் கொண்டு அதன் திணையைத் துணிவோம்.

கிழக்கே கடல் இருப்பதால் திணை நெய்தல், உரிப்பொருள் இரங்கல் என்பாரும் உளர். ஸ்டேட்டஸ் காலில் கேட்கும் பெருமூச்சைச் சான்று காட்டுவர். அது பொருந்தாது. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. நீரும் நாரையும் உள்ள நிலம் மருதமே. பொழுதும் ஒத்துவருகிறது: மருதத்துக்கு வைகறை என்கிறது தொல்காப்பியம், அமெரிக்க ஷிப்ட் முடிந்து கேப் கிளம்புவதும் அப்போதுதான்.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். காரணம் பழையதே: தலைவன் வேறிடம் போய் வருகிறான். ஐந்து வருடமாக இருப்பவருக்கு சிங்கிள் டிஜிட் ஹைக். நேற்று வந்தவருக்கு அதே வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், போதாததற்கு ஜாயினிங் போனஸ். எந்தச் சங்கத் தலைவியும் கதவைச் சாத்தியிருப்பாள்.

சமாதானம் பேசப் பாணனை அனுப்புவது மரபு. இங்கே எச்.ஆர். அவன் கையில் யாழ். இவர் கையில் பீட்சா. "மனசு விட்டுப் பேசுங்க, இது நமக்குள்ளதான்" என்பார். "ஒண்ணுமில்ல மேம், எல்லாம் நல்லாத்தான் போகுது" என்ற பதிலை இலக்கணம் வாயில் மறுத்தல் என்னும். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் அது மனநிறைவு என்று பதிவாகிறது.

என்ன செய்வது? ஊடலை உப்புக்கு ஒப்பிட்டு அளவு சொன்னார் வள்ளுவர். கேமராவை அணைப்பது, டீக்கடையில் இரண்டாவது டீ, "பார்த்துட்டுச் சொல்றேன்" வரைக்கும் பதமான உப்பு. ஒரு வாரம் மெயிலே திறக்காவிட்டால் கரித்துவிடும்.

ஊடுவதற்குப் பதில் வேலையையே விட்டால் என்ன? சி.வி. ராமன் 1917இல் நிதித்துறை உத்தியோகத்தை உதறி, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானாரே எனலாம். அது ஊடலன்று. ஆபீஸுக்கு முன்னும் பின்னும் கல்கத்தா ஆய்வகத்தில் பல வருடமாக இயற்பியலோடு களவு நடந்திருக்கிறது. 1917இல் கற்பு, அவ்வளவே.

பெருங்குடியில் பேப்பர் போடுபவர் பெரும்பாலும் கூடுதல் சம்பளத்துக்குச் சிறுசேரி போகிறவர். அது பொருள்வயிற் பிரிவு, திணை பாலை. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ஓ.எம்.ஆரே அதற்கு நிலம். இடையில் வரும் மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருத்தல், ஆகவே முல்லை. அத்திணையில் எவரும் வேலை செய்ததாகப் பாடல் கிடைக்கவில்லை.