செத்தவன் வாறான், சக்கரம் எடுத்து வையி!

லேய் மக்ளே, புதுசா வந்த காமிக்ஸ்ல யாரோ செத்துப் போனான்னு வெப்ராளப்பட்டு நடக்குகியாமே? கஞ்சி குடிச்சியா? முதல்ல அதக் குடி. அவன் எங்கயும் போவல்ல. அடுத்த வருசம் வருவான். நீ சக்கரம் மட்டும் எடுத்து வையி.

இது இண்ணைக்கு நேத்தைக்குள்ள ஏற்பாடா? 1992-ல சூப்பர்மேனயே கொன்னானுவ. டூம்ஸ்டேன்னு ஒரு தடியன் அடிச்சே கொன்னான். அந்தப் புஸ்தகத்தக் கறுப்புப் பையில போட்டு, கையில கட்டிக்கிட கறுப்புத் துணியும் கூட வச்சு வித்தானுவ. துட்டி கேக்க வந்தவங்கிட்ட துட்டு வாங்குன கூட்டத்த வேற எங்கயாவது கண்டிருக்கியா? லெச்சக்கணக்குல வித்துது. சனம் அழுதுக்கிட்டே வாங்கிச்சு. அடுத்த வருசம் பாத்தா, பெடரி வரைக்கும் முடிய வளத்துக்கிட்டு ஆளு வந்து நிக்குகான். செத்துக் கிடந்த நேரத்துல முடி வெட்ட ஆளு கிடைக்கல்ல போல.

அதோட தீந்துதா? 2007-ல கேப்டன் அமெரிக்கா செத்தான், 2009-ல எழும்புனான். 2014-ல வுல்வரின் செத்தான், 2018-ல திரும்பி வந்தான். 2023 மே மாசம் ஸ்பைடர்மேன் புஸ்தகத்துல கமலா கான்னு ஒரு சின்னப் பிள்ளையக் கொன்னானுவ. சூலையில அவ எக்ஸ்மேன் புஸ்தகத்துல எழும்பி உக்காந்தாச்சு. பதினாறு அடியந்திரத்துக்குக் கட்டுன பந்தலக்கூட அவுத்திருக்க மாட்டானுவ. ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னு நம்ம ஆளுவ சொல்லி வச்சது ஆனைக்கு. அமெரிக்காக்காரன் அத ஹீரோவுக்கு மாத்திப் போட்டான். செத்தா ஒரு வில, வந்தா ஒரு வில. கொள்ளாம் இல்லியா யாவாரம்?

நம்ம குழித்துறையில ஆடி அமாவாசைக்கு என்ன செய்யுகோம்? ஆத்தங்கரையில எள்ளும் சோறும் வச்சு வாவுபலி போடுகோம். முங்கி எழும்பி, நேரா பொருட்காட்சிக்குப் போயி ராட்டினம் சுத்துகோம். பலி வாங்குன பாட்டா எவராவது மறுமாசம் கேறி வந்து "எனக்க வேட்டி எங்கலே?"ன்னு கேட்டிருக்காரா? வந்தா என்ன ஆவும்? சந்தோசப்படுவான்னா நினைக்கிய? சொத்து பாகம் வச்சாச்சே! முதல்ல ஓடுகது மூத்த மொவனாத்தான் இருக்கும்.

நம்ம கதையில செத்தவங்க வரமாட்டாங்களான்னு கேப்ப. வருவாங்க. கள்ளியங்காட்டு நீலி வந்தாளே. கட்டுனவன் நகைக்கு ஆசப்பட்டுக் கொன்னான். அவ பேயா வந்து அவனத் தேடிப் பிடிச்சுக் கணக்கத் தீத்தா. அம்புட்டுதான். ஒரு சாவு, ஒரு வரவு, ஒரு பழி. நீலிக்கு ரெண்டாம் பாகம் உண்டுமான்னு எவனாவது கேட்டிருக்கானா? வில்லடிச்சுப் பாடுனா கதை ஒரு முடிவுக்கு வரும். கேட்ட சனத்துக்கு வீட்டுக்கு ஒத்தையில போவப் பயம் வரும். கதை பலிச்சுதுன்னு அதுக்குப் பேரு.

காமிக்ஸ்லயும் புத்தியுள்ள ஒருத்தர் இருந்தாரு. லீ பாக். 1936-ல வேதாளர உண்டாக்குனாரு. 1964-ல இந்திரஜால் காமிக்ஸ் வந்து அந்த முகமூடிக்காரன இந்தியா முழுக்கக் கொண்டு போச்சு. கதையில காட்டுச் சனம் அவனச் சாவாதவன்னு நம்புது. உள்ள விசயம் என்ன? அப்பன் செத்தா மொவன் முகமூடி போடுவான். நாம படிச்சவன் இருபத்தொண்ணாவது ஆளு. மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. குடும்பத் தொழிலு. செத்தவன் செத்தான், வேலை நடக்கு. இத யோசிக்க வல்லிய படிப்பு வேணுமா?

செரி, சாவ விடு. பிறப்புக்கு வருவோம். உனக்க ஸ்பைடர்மேனுக்கு 1963-ல ஒண்ணாம் நம்பர் புஸ்தகம் வந்துது. செரி, நல்ல காரியம். 1999-ல திரும்பவும் ஒண்ணாம் நம்பர். பொறவு 2014, 2015, 2018, 2022, 2025. எல்லாம் ஒண்ணாம் நம்பருதான். ஒண்ணுன்னு போட்டா நீ வாங்குவன்னு அவனுக்குத் தெரியும். நீயும் வாங்குக. எனக்கும் அப்பிடி வயச ஒண்ணுன்னு மாத்துக வசதி இருந்தா, மார்த்தாண்டம் பஸ்ல டிக்கெட்டே எடுக்காமப் போயிருப்பேன்.

அட்டைப்படக் கூத்து தெரியுமா? 1991-ல எக்ஸ்மேன் ஒண்ணாம் நம்பருக்கு அஞ்சு அட்டை போட்டானுவ. உள்ள ஒரே கதை, வெளிய அஞ்சு சட்டை. எம்பது லெச்சத்துக்கு மேல போச்சு. நாளைக்குப் பொன்னா மாறும்னு அஞ்சையும் வாங்கி அடுக்குனவனுவ உண்டு. மாறிச்சா? எல்லார் வீட்டுலயும் பத்திரமா கிடக்குக சாமானுக்கு எவன்லே வில குடுப்பான்? 1938-ல சூப்பர்மேன் முதல்ல வந்த ஆக்சன் காமிக்ஸ் 10 சென்டு. அதுல ஒரு பிரதி 2024-ல 60 லெச்சம் டாலருக்குப் போச்சு. ஏன் தெரியுமா? மத்த பிரதியெல்லாம் பிள்ளைய படிச்சுக் கிழிச்சாச்சு. தள்ளமாரு பழைய பேப்பருக்காரனுக்குத் தூக்கிப் போட்டாச்சு. அந்தத் தள்ளமாரு புண்ணியத்துலதான் மிஞ்சுனதுக்கு வில.

இன்னொண்ணும் கேட்டுக்க. அந்தச் சூப்பர்மேனப் படைச்ச சீகலும் சுஸ்டரும் உரிமைய வித்தது 130 டாலருக்கு. படைச்சவனுக்கு 130, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடச்சு வச்சவனுக்கு 60 லெச்சம். அந்தப் பெட்டிக்கு மார்க்கும் உண்டு. பத்துக்கு எட்டரை! பெட்டியத் தொறந்தா மார்க்கு போயிரும். தொறக்காத புஸ்தகத்துக்கு மார்க்கு போடுகவன் வாத்தியாரா, வட்டிக்கடைக்காரனா? நீயே சொல்லு.

நம்ம காலத்துக்கு வா. 1972-ல சிவகாசியில சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸ் தொடங்குனாரு. முதல் புஸ்தகமே இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துல வேலியண்ட் பத்திரிகையில 1962-ல வந்த சரக்கு. படம் வரைஞ்சவரு ஸ்பெயின்காரரு, ஜீசஸ் பிளாஸ்கோ. மாயாவிக்க வித்தையக் கேளு. கரண்டத் தொட்டா ஆளு மறஞ்சிருவான். ஆனா இரும்புக் கை மட்டும் மறையாது. கரண்டு இல்லேன்னா ஒண்ணும் நடக்காது. ஆடி மழையில றப்பர் மரம் சாஞ்சு கம்பி அறுந்து கிடக்குக நேரத்துல அவன் நம்ம ஊருக்கு வந்தா என்ன செய்வான்? நம்மள மாதிரி மெழுகுதிரி தேடுவான்! ஆனா அந்தக் கொறையிலதான்லே கதை கிடக்கு. கை தெரியுகதுனாலதான் எப்பம் மாட்டுவானோன்னு நமக்கு நெஞ்சடிச்சுது. அடியே படாதவன் கதைய எதுக்குப் படிக்கணும்?

1984-ல எஸ்.விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்குனாரு. அதே வருசம் ராணி காமிக்ஸும் வந்துது. லயன்ல வந்த ஸ்பைடர் யாரு? கள்ளன்! இங்கிலாந்துல அந்தக் கள்ளனுக்கும் கொஞ்ச காலம் கதை எழுதுனது அந்த 130 டாலர் சீகல்தான். சிவகாசியில இப்பமும் புஸ்தகம் போடுகாங்க. வாசகருல ஒரு கூட்டம் "பழைய மாயாவியவே திரும்பப் போடு"ங்கும். இன்னொரு கூட்டம் "புதுசு காட்டு"ங்கும். ரெண்டு பேரும் சண்ட போட்டாலும் புஸ்தகத்தப் படிச்சுட்டுத்தான் போடுகானுவ. அது மரியாதை.

புதுசுல ஒண்ணுமே இல்லியான்னு மூஞ்சிய வலிக்காத. உண்டு. 2024 அக்டோபர்ல ஒரு பேட்மேன் வந்தான். 'அப்சொலூட் பேட்மேன்'னு பேரு. ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் டிராகோட்டா படம். இவனுக்கு அரண்மனை இல்ல, கோடி இல்ல. அப்பன் பள்ளிக்கூட வாத்தியாரு. அம்மை உயிரோட இருக்கா. அவன் இஞ்சினியரு, வேலைக்குப் போறவன். நெஞ்சுல குத்தியிருக்குக வவ்வாலப் பிடுங்குனா கோடாலிக்குத் தலை. அதக் கண்டப்பம்தான் நான் நிமிந்து உக்காந்தேன். பணக்காரன் ராத்திரி சும்மா இருக்க முடியாம ஊர் சுத்துனா அது பொழுதுபோக்கு. காலைல வேலைக்குப் போறவன் ராத்திரி அடி வாங்குனா அது கதை.

அதே வருசம் சனவரியில ஜானதன் ஹிக்மேன் எழுதுன 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. பீட்டருக்குக் கல்யாணம் ஆயாச்சு, ரெண்டு பிள்ளைய உண்டு, அதுக்குப் பொறவுதான் சிலந்தி கடிக்கு. மாசத்துக்கு ஒரு புஸ்தகம், கதையிலயும் ஒரு மாசம் கழியும். பிள்ளைய வளரும். பொறவு அந்த உலகத்தையே முடிக்கப்போறோம்னும் அறிவிச்சாங்க. முடிவு உண்டுன்னு சொன்னானே, அதுக்கே ஒரு கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடுக்கலாம்.

2004-ல நம்ம ஆளுவளுக்குன்னு ஒரு ஸ்பைடர்மேனத் தச்சானுவ. பவித்ர் பிரபாகர், வேட்டி கட்டி வித்தை காட்டுவான். வேட்டியோட சொவருல கேறுகது பெரிய அதிசயமாம். லேய், நம்ம பனையேறி தளைநாரக் கால்ல மாட்டி, அரையில பாளையருவாளக் கட்டி, காலையும் சாயங்காலமும் கேறி இறங்குனாரே. அவர எந்தச் சிலந்தி கடிச்சுது? கைதவறி விழுந்தவரு அடுத்த இதழ்ல எழும்பல்ல. ஒவ்வொரு ஏத்தமும் ஒரு கணக்கு. வீரம்னா என்னன்னு தெரியணும்னா அவருக்க கைக்காப்பத் தொட்டுப் பாரு.

எனக்க தீர்ப்பு இதுதான், கேட்டியா மக்ளே? அஞ்சு அட்டைல ஒண்ணு வாங்கு. பையக் கிழி. படி. ஆளு செத்தான்னா ஒரு வருசம் பொறு. திரும்பி வந்துட்டான்னா அவனுக்க புஸ்தகத்த நிறுத்து. அடியும் வயசும் முடிவும் உள்ளவன் கதைய மட்டும் தேடிப் படி. படிச்சு முடிச்சா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடு. அது கிழிச்சா கிழிக்கட்டும். அட்டை போன புஸ்தகம்தான் படிச்ச புஸ்தகம்.