கேஸ்கட் வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

பெங்களூர் ஜே.சி. ரோட்டின் இரு மருங்கும் கொலுவீற்றிருந்து, பழைய கார் வைத்திருக்கும் பாவிகளுக்கு அபயம் அளித்துவரும் உதிரிபாக உத்தமர்களே! ஆஸ்டின் டவுனிலும் நீலசந்திராவிலும் நடைபாதையையே அரசவையாக்கி, ஜாக்கியின் மேல் வண்டியை ஏற்றிவைத்துத் தீர்ப்பு வழங்கும் மெக்கானிக் மாமணிகளே! உங்கள் பெருமையை உரைக்க ஆதிசேடனின் ஆயிரம் நாவும் போதாது. ஆனாலும் ஓர் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டை முன்னிட்டு நீங்கள் என்மேல் பொழிந்த கருணையைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்ற பாவம் என்னைச் சேரும்.

அடியேனிடம் இருப்பது ஒரு பழைய அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் என்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். என்ஜின் சூடேறி இரும்பு விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். பானெட்டைத் திறந்தால், சிலிண்டர் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரி படிந்து மை தீட்டியது போல் ஒரு கோடு. இதைப் பார்த்ததும் "எக்ஸாஸ்ட் பேக்கிங் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவது பாமரர் வழக்கம். எங்கள் மாமணி பாமரர் அல்லர். அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிடும் அற்ப குணம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. "டேப்பட் சார்" என்றார். டேப்பட் செட்டிங் நடந்தது. "பிளக் மாத்திடலாம் சார்" என்றார், மாற்றினோம். கார்பரேட்டர் கழற்றப்பட்டு, பெட்ரோலில் நீராடி, மீண்டும் சிம்மாசனம் ஏறியது. இத்தனை மங்கலக் காரியங்களுக்கும் தட்சிணை வைத்த பிறகே, கரிக்கோட்டின் மேல் அவருடைய கடைக்கண் விழுந்தது. "பேக்கிங் லீக் சார். நான் அன்னிக்கே நெனச்சேன்." நினைத்ததை நெஞ்சோடு வைத்துக் காத்த அந்த அடக்கம் முனிவருக்கும் வாய்க்காதது.

பிறகு ஜே.சி. ரோடு. இந்த என்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும், புகை வெளியேறும் வழியும் ஹெட்டின் ஒரே பக்கம். இரண்டுக்கும் சேர்த்து நீளமாக ஒரே கேஸ்கட். அம்பாசிடரில் பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு, பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசுவும் உண்டு. ஒன்றின் கேஸ்கட் இன்னொன்றுக்குச் சேராது என்று நான் எந்தக் காலத்திலோ படித்திருந்தேன். கடையில் வீற்றிருந்த பெரியவர் ஒரே வாக்கியத்தில் என் அஞ்ஞானத்தைப் போக்கினார்: "அம்பாசிடர்னா எல்லாம் ஒண்ணுதான் சார்." ஆதிசங்கரர் பாரதம் முழுக்க நடந்து நிலைநாட்டிய அத்வைதத்தை, இவர் ஸ்டூலை விட்டு எழாமலேயே நிலைநாட்டினார். துவாரம் பொருந்தாதே என்று இழுத்தேன். "இல்லாத எடத்துல ஓட்டை போட்டுக்கலாம், இருக்கிற எடத்துல பேஸ்ட் தடவிக்கலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்." இந்த நகரத்து வேதத்தின் மகாவாக்கியத்துக்கு எதிர்வாதம் ஏது?

அவர் நீட்டிய டப்பாவின் அழகைச் சொல்ல வேண்டும். பளபளக்கும் அட்டை, மூலையில் ஹோலோகிராம், 'ஜெனுவின்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகள் மட்டும் சிநேகமாக இடம் மாற்றி உட்கார்ந்திருந்தன. உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. டப்பா உற்பத்தி ஒரு நாளும் நின்றதில்லை. அச்சடித்த மை இன்னும் விரலில் ஒட்டியது. கம்பெனி மறந்த வண்டியைக் கைவிடாத இந்த விசுவாசத்தை என்னென்பது! 2017இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் 'அம்பாசிடர்' என்ற பெயரை வாங்க 80 கோடி ரூபாய் கொடுத்தது. விவரம் புரியாத வெள்ளைக்காரர்கள். அதே பெயரை நம் உத்தமர்கள் ஒரு பைசா கொடுக்காமல் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவருகிறார்கள். பலகையில் கிட்டல் நகர், பேச்சில் ஆஸ்டின் டவுன் என்று வாழ்ந்து பழகிய எங்களுக்கு, மேலே ஒரு பெயரும் உள்ளே வேறொரு சரக்கும் இருப்பது சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

நிஜமான பழைய கேஸ்கட் ஒன்றும் அந்தக் கடையில் இருக்கத்தான் செய்தது. சுவரில் ஆணியடித்து, ஆயுதபூஜைக்கு இட்ட சந்தனம் காயாமல் தொங்கியது. "அது சேம்பிள் சார், குடுக்கறதில்ல" என்றார் பெரியவர். தொண்டைமானின் ஆயுதச்சாலையை அவ்வளவு மனமாரப் பாராட்டிய ஔவையார் இந்தக் கடைக்கு வராமல் போனது தமிழுக்கு நேர்ந்த நஷ்டம்.

டப்பாச் சரக்கு எந்த என்ஜினுக்கானது என்பதை அதைப் படைத்தவரே அறிவார். என் மேனிஃபோல்டை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மாமணி கலங்கவில்லை. அவர் பட்டறையில் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை மேனிஃபோல்டின் மேல் விரித்து, உருண்டைத் தலை சுத்தியலால் ஓரங்களில் தட்டத் தட்ட, இரும்பின் விளிம்பே கத்தியாகி, துவாரங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. பொடி பறந்தது. பக்கத்தில் குந்தியிருந்த சிறுவன், பள்ளிக்கூடம் போன்ற வீண் வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டுக் குருகுலவாசம் செய்பவன், குனிந்து வாயால் ஊதி ஊதிப் பொடியை அகற்றினான். வெயிலில் அது வெள்ளியாக மின்னி அவன் புருவத்தில் இறங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன, கோழைகள். நம் நாடு வெட்டியெடுப்பதை நிறுத்திவிட்டு இறக்குமதியைத் தொடர்கிறது. சொந்த மண்ணைக் காப்பதும், வந்த சரக்கை மதிப்பதும் நம் மரபல்லவா? கேஸ்கட்டின் ஆயுள் ஒரு வாரம் என்று குறை சொல்வோர் உண்டு. அந்தப் பொடியின் ஆயுளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நுரையீரலில் அது இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூடக் காத்திருந்து வேலை செய்யும். இத்தனை நீண்ட கேரண்டியை எந்தக் கம்பெனி கொடுக்கும்?

மேனிஃபோல்டின் முகம் கோணியிருக்கிறதா என்று பட்டைக் கம்பி வைத்துப் பார்ப்பது, கோணியிருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்வது, நட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக அளவோடு முறுக்குவது, ஒருமுறை சூடாகி ஆறிய பின் மறுபடி முறுக்குவது: இவையெல்லாம் தன்னம்பிக்கை இல்லாதவர்களின் சடங்குகள். மாமணி ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, பீமசேனனாய் ஒரே திருப்பு. துருப்பிடித்த ஸ்டட் 'டக்' என்று பணிந்து, ஹெட்டோடு சமமாக உடைந்தது. "மத்த நட்டு புடிச்சுக்கும் சார், அது சும்மா டம்மி." என்ஜினை வடிவமைத்தவர்கள் ஒரு ஸ்டட்டை வீணாக வைத்துவிட்ட ஊதாரித்தனத்தை இத்தனை காலம் எவரும் கண்டுபிடிக்காமல் இருந்ததே! உடைந்த இடத்தைச் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் குங்குமம்போல் நிறைத்தது. மேனிஃபோல்டின் சூட்டுக்குப் பேஸ்ட் கருகிவிடும் என்று நான் முணுமுணுக்க, "ஒண்ணும் ஆவாது சார்" என்று அருள்வாக்குப் பிறந்தது.

ஒன்றும் ஆகவில்லை என்றா சொல்வேன்? அற்புதமே நடந்தது. வியாழக்கிழமை, விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குக் கூட்டம் கூடும் நாள். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பல வருஷமாகத் தூக்கம் வராமல் தவிக்கும் என் அத்தை பின் சீட்டில் கண்ணயர்ந்தார். எழுப்பியபோது தலை சுற்றுகிறது என்றார். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆர்வத்தோடு கார்பன் மோனாக்சைடைக் கட்டியணைத்துக்கொள்ளும். எந்த டாக்டரும் தர முடியாத உறக்கத்தை, ரசீதுகூட இல்லாமல் தந்தவர்கள் இவர்கள்.

எமிஷன் டெஸ்டிலும் குறையில்லை. பழைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம்வரை அனுமதி. லீக் வழியே வெளிக்காற்றும் உள்ளே கலந்துவிடுவதால், வால்குழாயில் செருகிய கருவி சாதுவான ஓர் எண்ணைக் காட்டியது. சான்றிதழ் கையில் வந்தது. வெளியே போகவேண்டிய விஷம் காருக்குள் வந்தால் ஊர்க்காற்று சுத்தம்தானே!

ஆகவே, பழைய கார் வைத்திருக்கும் ஆஸ்டின் டவுன் அன்பர்களே, வேறெங்கும் அலையாதீர்கள். இந்த வள்ளல்களிடமே செல்லுங்கள். மழை அடித்தாலும் ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கியே வைத்திருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.