வாக்கியப் பட்டையியல்: ஓர் அறிமுகம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், அச்சிட்ட தாளை வரிவரியாக வெட்டிக் கலைத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு இலக்கணம் சொல்லாமல் போய்விட்டார். அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

இத்தனைக்கும் நம் இலக்கியம் பல நூற்றாண்டுகள் பட்டைகளில்தான் கிடந்தது. துளையிட்டுக் கயிறு கோத்த பனையோலை வேறென்ன? கயிறு அறுந்தால் ஏடுகள் முன்பின்னாகிவிடும். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா. போன்றவர்கள் ஆயுள் முழுக்கச் செய்ததும் 'சரியாக வரிசைப்படுத்துக' பயிற்சிதான். என்ன, அவர்களிடம் விடைக்குறிப்பு இல்லை. அச்சு வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்தது. ஆசிரியர்கள் கத்தரிக்கோலோடு மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வெட்டும் வேலை மட்டும் ஓயவில்லை.

இனி இயற்பியல். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. பட்டைக்கு 2 செ.மீ. என்று வெட்டினால் 14 பட்டைகள் தேறும். மிஞ்சும் 17 மி.மீ. துண்டு தலைமையாசிரியர் போன் நம்பர் குறித்துக்கொள்ள உதவும். 70 ஜிஎஸ்எம் தாளில் ஒரு பட்டையின் எடை 0.3 கிராமுக்கும் குறைவு. ரெகுலேட்டர் கெட்டுப்போய் ஒரே வேகத்தில் சுற்றும் மின்விசிறிக்கு அதெல்லாம் ஒரு எடையே அல்ல. காற்றா கதையா என்பதை வகுப்பு முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

வெட்டுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஸ்கேல் மரபினர் தாளை மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, ஸ்கேலை வைத்துச் சர்ரென்று கிழிப்பர். கத்தரி மரபினர் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பேசிக்கொண்டே வெட்டுவர். அச்சகத்துக் கட்டிங் மிஷினில் கொடுப்போரை ஆய்வுலகம் வசதி படைத்தோர் என்று ஒதுக்கிவைக்கிறது.

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு கத்தரி மரபைச் சார்ந்தது. பேச்சு சுவாரசியமாகும் இடத்தில் வெட்டு வளைகிறது. ஒரு பட்டையின் கீழ் வளைவும் அடுத்த பட்டையின் மேல் வளைவும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வரிகூடப் படிக்காமல், ஓரங்களை மட்டும் ஒட்டவைத்துப் பார்த்து, காக்கா வடை கதையை அரை நிமிடத்தில் அடுக்கிவிடுகிறான். 'பொருளுணர்ந்து படிக்கிறான்' என்று பதிவேட்டில் ஏறுகிறது. டீச்சரின் மணிக்கட்டைத்தான் அவன் உணர்ந்து படித்தான்.

மாற்று மருந்து எளிது: அச்சடிக்கும்போதே வரிகளைக் கலைத்துப்போட்டு அடியுங்கள். அப்போது ஓரங்கள் பொய் சொல்லும். பாட்டி வடை சுடுவதற்கு முன்பே அது கீழே விழுவதை அந்தப் பையன் முழு நம்பிக்கையோடு உங்களிடம் காட்டுவான். பட்டையின் பின்னால் அடையாளம் வேண்டுமென்றால் குழுவின் எழுத்தைப் போடலாம். ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போடுகிறவர்களுக்கு இக்கட்டுரையால் எந்தப் பயனும் இல்லை.

ஆறு பட்டைகளை 720 விதமாக அடுக்கலாம். அதில் 719 தவறு என்று அடித்துச் சொல்ல அசாத்திய துணிச்சல் வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் எட்டுக் குழுக்களுக்கு 48 பட்டைகள் போட்டு வைத்தால், வெள்ளிக்கிழமை 47 இருக்கும். தொலைவது பெரும்பாலும் நான்காவது பட்டை, அதாவது நரி. அந்தக் கவர் கிடைத்த குழு அசரவில்லை. பாட்டி சுட்டாள், காகம் திருடியது, கிளையில் உட்கார்ந்தது, பாடியது, வடை விழுந்தது. வடை கிடைத்த சந்தோஷத்தில் பாடியதாம். ஓட்டை எதுவும் இல்லாத இந்தப் பாடத்தைப் பார்த்தால், நரி பிற்கால இடைச்செருகலோ என்று ஐயுற நியாயம் இருக்கிறது. விழுந்த வடை பாட்டிக்கே திரும்பிவிட்டது என்றும் அக்குழு வாதிடுகிறது. மறுப்பதற்குக் கவரில் சான்று இல்லை.