யாருக்குப் போடச் சொல்றீங்க?

“பின்னாடி ஒருத்தனும் இல்லியேண்ணே, யாருக்குப் போடச் சொல்றீங்க?”

போடியில் இண்டிகேட்டர் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்விதான் பதிலாக வருகிறது. கேட்பவர் முகத்தில் பரம சிக்கனக்காரரின் நியாயம் தெரியும். ஆளில்லாத ரோட்டில் விளக்கை எரித்து வீணாக்குவானேன்? வீட்டில் ஆளில்லாத அறையில் நாள் முழுக்க ஃபேன் சுற்றும், அது பரவாயில்லை. வண்டியில் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத அந்த மஞ்சள் பல்புதான் குடும்பச் சொத்தை அழித்துவிடும்.

சரி, முந்தல் தாண்டி மேலே ஏறுவோம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 என்று பெயர் என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது பாறைக்கு மட்டும் தெரியும். கேரளப் பக்கமிருந்து மஞ்சு இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ‘பின்னாடி ஒருத்தனும் இல்ல’ என்று அடித்துச் சொல்ல ஞானதிருஷ்டி வேண்டும், அல்லது கொழுப்பு வேண்டும். முதலாவது இருப்பவர்கள் பெரும்பாலும் ஜீப் ஓட்டுவதில்லை.

வளைவோடு வளைந்து போகிறவரை நான் கேட்கவில்லை. ஓரம் கட்டுகிறவர், ஓரத்திலிருந்து திடீரென்று கிளம்புகிறவர், முந்துகிறவர், தோட்டப் பாதைக்குள் சட்டென்று நுழைகிறவர், இவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் கண்ணாடியில் தெரிகிறவன் எப்படியாவது பிரேக்கை மிதித்துப் பிழைத்துக்கொள்வான். நீங்கள் பார்க்காமல் விட்டீர்களே, அவனுக்காகத்தான் அந்த விளக்கையே வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘யாரும் இல்லையென்றாலும் போட வேண்டுமா’ என்று பட்டிமன்றம் நடத்த இதில் ஒன்றுமில்லை. யாரும் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

போடாதவர்கள் ஒரு ரகம் என்றால், போட்டுக் கொல்கிறவர்கள் இன்னொரு ரகம். முன்னால் லாரி ஏறிக்கொண்டிருக்கிறது. ரைட் இண்டிகேட்டர் மின்னுகிறது. ‘நான் வலப்பக்கம் ஒதுங்கப்போகிறேன், வராதே’ என்று ஒரு பொருள். ‘எதிரே காலி, என்னை முந்திப் போ’ என்று நம் ஊர் லாரிக்காரர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்ட இன்னொரு பொருள். வா என்பதற்கும் வராதே என்பதற்கும் ஒரே பல்பு! எது சரி என்று கண்டுபிடிக்க ஒரே வழி, முந்திப் பார்ப்பது. விடை தெரிந்தபின் சொல்ல ஆள் இருக்கமாட்டான்.

இத்தனைக்கும் 1989ஆம் ஆண்டு சாலை விதிமுறைகளில் ‘என்னை முந்திக்கொள்’ என்பதற்கென்றே தனிக் கைச்சைகை இருந்தது. வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசவேண்டும். அந்தக் காலத்து டிரைவர் கையை நீட்டினார், கிளீனர் கதவைத் தட்டினார், அரைகுறையாகவேனும் ஒரு பேச்சு இருந்தது. இப்போது கை செல்போனில் இருக்கிறது.

நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிடும் மகான்களும் உண்டு. ‘நேராகப் போகிறேன்’ என்று அறிவிக்கிறார்களாம். நேராகப் போவது ஒரு செய்தியா? நாலும் மின்னும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. பஜ்ஜிக் கடை வாசலில் நடுரோட்டில் நிறுத்தவும் இதே நாலு விளக்கு, கட்சிக் கார்கள் வரிசையாகப் பறக்கவும் இதே நாலு விளக்கு. அரசியல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 2011, 2016, 2021 என்று மூன்று தேர்தல்களிலும் இந்தத் தொகுதியில் வென்ற ஓ. பன்னீர்செல்வம், 2017 பிப்ரவரியில் திரும்புவதற்கு முன் மெரினா நினைவிடத்தில் நாற்பது நிமிடம் கண்மூடி உட்கார்ந்தார். அதைவிடத் தெளிவான இண்டிகேட்டரைப் போடிக்காரர்கள் கண்டதில்லை. அதற்கப்புறம் வந்த திருப்பங்களைப் பற்றி நான் பேசமாட்டேன், இது வண்டிகளைப் பற்றிய கட்டுரை.

இண்டிகேட்டர் போடாததை விரல் சோம்பேறித்தனம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஸ்பைசஸ் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இதே ஊரில்தான் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயையும் ஏழு மில்லிமீட்டர் ஏலக்காயையும் சல்லடை போட்டுப் பிரிக்கிற ஊர் இது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்க, கண் இமைப்பதற்குள் விரல் பொத்தானைத் தட்டிவிடும். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அதே விரலுக்கு வாதம் வந்துவிடுகிறது. காசு போகும் என்றால் வேலை செய்கிற விரல், உயிர் போகும் என்றால் அசைவதில்லை. அதுவும் அடுத்தவன் உயிர்.

அடுத்தவள் உயிர் என்று சொல்லவேண்டும். விடியுமுன் போடியிலிருந்து மலைக்குக் காய் எடுக்கக் கிளம்பும் ஜீப்பைப் பின்னாலிருந்து பாருங்கள். எதிரெதிர் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்கப் பெண்கள், மடியில் தூக்குவாளி, நடுவில் குனிந்தபடி நிற்க இரண்டு பேர், பின்படியில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு ஒருவர். பின் இண்டிகேட்டர் இருக்கும் இடத்தில் யாரோ மாட்டிய ஒயர்கூடை தொங்கும். கூடையை நகர்த்தினால் கண்ணாடி உடைந்த குழிதான் இருக்கும். அடுத்த டிரிப் பிடிக்கிற அவசரத்தில் டிரைவர் வளைவில் முந்துவார். உள்ளே இருப்பவர்களுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது, பின்னால் வருகிறவருக்கு இவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது. கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் ‘ஜீப் கவிழ்ந்து பெண் தொழிலாளர்கள் பலி’ என்று போடுவார்கள். ஜீப் தானாகவே வாழ்க்கை வெறுத்துக் கவிழ்ந்ததுபோல. ஆழ்ந்த இரங்கல், நிவாரணத் தொகை, காசோலையோடு ஒரு புகைப்படம். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அடுத்த ஜீப் கிளம்பும்.

சட்டம் இல்லாமலில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆம் பிரிவு, ஓட்டுநர் சைகை காட்டியே ஆகவேண்டும் என்கிறது, ‘மனசிருந்தால்’ என்று எங்கும் எழுதவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான அபராதம் முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1500. ஹெல்மெட் இல்லாத தலையைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் கண்களுக்கு, எரியாத விளக்கு மட்டும் தெரிவதில்லை. இண்டிகேட்டர் போடாததற்காக ரசீது வாங்கிய ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தால் சொல்லுங்கள், மாலை வாங்கிவருகிறேன்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. இந்த ஊர் வண்டிகளில் உள்ள இண்டிகேட்டர்களை எல்லாம் கழற்றி ஏலத்துக்கு விடலாம். ‘பதினைந்து வருடப் பழசு, ஒருமுறைகூட உபயோகிக்கவில்லை’ என்று தைரியமாக எழுதிப் போடலாம், பொய்யில்லை. ஆரம்ப விலை 500 ரூபாய். வியாபாரிகள் கேட்கமாட்டார்கள். அந்த ஜீப்பில் போகும் அக்காக்கள் ஆளுக்கு இருபது முப்பது போட்டு எடுப்பார்கள். எடுத்து டிரைவரிடம் கொடுத்து, “தம்பி, எங்க செலவு, எரிய விடுப்பா” என்பார்கள்.

அவர் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: “யாருக்குக்கா?”