சத்தத்தைக் குறைப்பது யார்? பொதுத் தொலையியக்கித் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளின் பெயரிலிருந்து தொடங்குவது மரபு. ஊரே ரிமோட் என்று சொல்லும் கருவிக்குக் கலைச்சொல்லாக்கம் செய்தவர்கள் தொலையியக்கி என்று பெயர் வைத்தார்கள். 'தொலை' என்ற அடிச்சொல்லுக்கு எட்டத்தில் இருத்தல் என்பது ஒரு பொருள். காணாமற்போதல் என்பது மற்றொன்று. தொலைவில் இருந்து இயக்குவது தொலையியக்கி என்பர் ஒரு சாரார். தொலைந்துகொண்டே இயங்குவது தொலையியக்கி என்பது எம் வீட்டார் கொள்கை. பின்னதே பொருந்தும் என்பதற்கு எங்கள் கூடத்து சோபாவின் இடுக்கே சான்று. கீழடிக்காரர்களின் முறைப்படி அதை அடுக்கு அடுக்காக அகழ்ந்து பார்த்தோம். மேலடுக்கில் வேர்க்கடலைத் தோல் கிடைத்தது. அடுத்த அடுக்கில் இரண்டு ஹேர்பின்னும் ஒரு எட்டணாக் காசும். அடியடுக்கில், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல், என்றோ எடைக்குப் போட்ட டிவியின் ரிமோட். டிவி மறைந்து அதன் ரிமோட் எஞ்சியிருப்பதால் ஆன்மா அழிவற்றது என்ற வாதத்துக்கு வலுச் சேர்கிறது. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக் களம் ஒரு வீடு. கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று, மாடியறையில் ஒன்று என மூன்று வயர்லெஸ் ஸ்பீக்கர்கள். மாந்தர் ஐவர்: அம்மா, நான், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், பிளஸ் ஒன் மகன். போன்களும் ஐந்து. சிக்கலின் வேர் இந்த ஐந்தில்தான் இருக்கிறது என்பது போகப்போகத் தெரியவரும்.

ஒரு ஞாயிறு காலை கூடத்தில் சுப்ரபாதம் ஓடிக்கொண்டிருந்தது. பாடியது ஸ்பீக்கர், ஆனால் பாட்டு இருந்தது மகனின் போனில். அவனைத் தயிர் வாங்கிவர அனுப்பினோம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் வாசலைத் தாண்டியபோது பாட்டு விக்கியது. தெருவிளக்கைத் தாண்டியபோது நின்றேவிட்டது. "பாதி ஸ்லோகத்துல நிறுத்தலாமாடா? பாவம்டா" என்றார் அம்மா. பாவம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. பெருமாளைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வோடு அன்றே இவ்வாய்வைத் தொடங்கினேன்.

இங்கே ஒரு நுட்பத்தைப் பிரித்தறிய வேண்டும். ப்ளூடூத்தில் பாட்டைச் சுமப்பது போன். கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறவள் நடுவழியில் வேறு பக்கம் திரும்பிவிட்டால் அண்டா நிரம்பாது. வீட்டில் புழங்கும் சாதாரணக் கருவிகளுக்கு ஏறக்குறைய பத்து மீட்டர்தான் கணக்கு, அதிலும் நடுவில் சுவர் வந்தால் குறையும். வைஃபை ஸ்பீக்கர் அப்படியல்ல. எந்தப் பாட்டு என்று போன் சொல்லிவிட்டால் போதும், இணையத்திலிருந்து ஸ்பீக்கரே நேராக எடுத்துக்கொள்ளும். கச்சேரியில் ரசிகர் துண்டுச்சீட்டு அனுப்புகிற மாதிரி. சீட்டு அனுப்பியவர் கேன்டீனுக்குப் போய்விட்டாலும் வித்துவான் பாடுவதை நிறுத்தமாட்டார். பொது ரிமோட் வாங்குமுன் நம் ஸ்பீக்கர் குடமா, துண்டுச்சீட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. அதன் விளைவு பின்னர் வரும்.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகக் காண்போம். 1898இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகைத் தண்ணீரில் விட்டு, கம்பியில்லாமல் ரேடியோ அலையால் அதை ஓட்டிக் காட்டினார். வீட்டுக்குள் வந்த முதல் ரிமோட்டுகளில் பெயர்பெற்றது ஜெனித் நிறுவனம் 1950இல் விற்ற 'லேசி போன்ஸ்'. சோம்பேறி என்று வாடிக்கையாளரைத் திட்டும் பெயர். அதற்கும் டிவிக்கும் நடுவே நீண்ட கம்பி ஒன்று தரையில் கிடந்து, எழுந்து நடக்கிற சுறுசுறுப்பானவர்களைத் தடுக்கி விழவைத்தது. 1955இல் யூஜின் பாலி என்ற பொறியாளர் ஒளிக்கற்றையால் இயங்கும் ஃப்ளாஷ்மேட்டிக்கைச் செய்தார். டிவியின் நான்கு மூலையிலும் ஒளியுணரிகள் இருந்தன. சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் சேனல் மாறியது. கதிரவன் உட்பட எவரும் இயக்கலாம் என்ற அளவில் உலகின் முதல் பொது ரிமோட் அதுவே என்பேன்.

மறு ஆண்டு அதே நிறுவனத்தில் ராபர்ட் அட்லர் செய்த 'ஸ்பேஸ் கமாண்ட்' இன்னும் அழகு. உள்ளே பேட்டரி கிடையாது. பொத்தானை அழுத்தினால் சின்னச் சுத்தி ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பி டிவிக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு வேலைக்கும் நீளம் வேறான ஒரு தண்டு. பேட்டரி இல்லை என்பதை மறுபடி கவனிக்கவும். ரிமோட்டைத் திருப்பி உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவது, பேட்டரியை மூடிக்குள்ளேயே உருட்டிவிடுவது, கடைசியில் சுவர்க் கடிகாரத்தின் வயிற்றிலிருந்து பேட்டரியைப் பிடுங்குவது ஆகிய சடங்குகள் எவையும் அதற்குத் தேவைப்பட்டிருக்காது. எங்கள் வீட்டுக் கடிகாரம் பல ஆண்டுகளாக நாலு பத்து காட்டுவதற்குக் காரணம் அட்லர் வழியை உலகம் கைவிட்டதுதான்.

வயர்லெஸ் ஸ்பீக்கரின் வாழ்க்கையைத் திணைக்கோட்பாட்டால் விளக்குவதே இவ்வாய்வின் தனிப் பங்களிப்பு. அகத்தின் ஐந்து உரிப்பொருளும் இதில் பழுதின்றி அமைகின்றன. ப்ளூடூத் இணைப்பு கூடுவது குறிஞ்சி. நீல விளக்கு மினுக் மினுக்கென்று காத்திருப்பது முல்லை. போன் தயிர்க்கடைக்குப் போவது பாலை. பேட்டரி தீர்ந்து ஸ்பீக்கர் கடைசியாக ஒரு ஒலியெழுப்பி அடங்குவது நெய்தல்.

மருதத்தைத்தான் விரித்துரைக்க வேண்டும். கூடத்து ஸ்பீக்கர் என்னோடு இணைந்திருக்கிறது என்று நம்பி நான் போனில் பாட்டைத் தட்டுகிறேன். ஸ்பீக்கர் வாய் திறப்பதில்லை. மாடியிலிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சற்று நேரத்தில் அவளுடைய தோழி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் முழுவதும் கூடத்தில் ஒலிக்கிறது, அம்மா உட்பட எல்லோரும் கேட்கிறோம். தலைவன் பரத்தை வீட்டில் இருக்கிறான் என்பதைத் தலைவி அறியும் துறை இது. வாயில் வேண்டி நான் செட்டிங்ஸுக்குள் போகிறேன். 'மறந்துவிடு' என்றொரு பொத்தான் அங்கே இருக்கிறது. அதை அழுத்தி, பழையதையெல்லாம் மறந்து, மறுபடி முதலிலிருந்து கூட வேண்டும். ப்ளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவர் என்பதால் அவர் பெயரைச் சூட்டினார்களாம். அவர் எங்கள் கூடத்தில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இனித் தேர்வு. முதலில் போன் செயலியே போதும் என்ற கட்சி. இதை முன்வைத்தவன் மகன். அழைப்பு மணி அடித்து அம்மா கதவைத் திறக்கப் போகிறார், வாசலில் நிற்பவர் பேசுவது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை, சத்தத்தைக் குறைக்க வேண்டும். போனைத் தேடி, கண்ணாடியைத் தேடி, பூட்டைத் திறந்து, செயலியைத் திறந்து, மூன்று ஸ்பீக்கரில் எது என்று தேர்ந்தெடுத்து, மெல்லிய கோட்டின் மேல் விரலை இழுப்பதற்குள் வந்தவர் கேஸ் சிலிண்டரோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். 1952இல் வில்லியம் ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் தெரிவுகள் பெருகப்பெருக முடிவெடுக்கும் நேரமும் மடக்கை விகிதத்தில் பெருகும் என்று நிறுவினார். அவர் கேஸ்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அகச்சிவப்பு ரிமோட் மலிவு, ஆனால் கண்ணுக்குக் கண் பார்த்தால்தான் பேசும். ஸ்பீக்கருக்கு முன்னால் நாட்காட்டியோ அம்மாவோ நின்றால் வேலை செய்யாது. எங்கள் மூன்றில் இரண்டுக்கு அந்தக் கண்ணே கிடையாது. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரிமோட் பழுதா, பேட்டரி தீர்ந்ததா என்று தெரியாவிட்டால் அதன் மூக்கைப் போன் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்திப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலான கேமராக்களில் வெளிர் ஊதாவாகத் தெரியும். முன்பக்கக் கேமராவில் இன்னும் நன்றாகத் தெரியலாம்.

குரலால் இயக்கும் வகையை மனைவி ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தாள். சொன்னால் கேட்காதவர்கள் வீட்டில் ஏற்கெனவே நாலு பேர் இருக்க, ஐந்தாவதைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

பிறகு ப்ளூடூத் பொத்தான் ஒன்று வாங்கினோம். அழகான வட்டம், ஐந்து விசைகள். பிரித்துப் பார்த்த பிறகுதான் உண்மை புரிந்தது. அது பேசுவது ஸ்பீக்கரோடு அல்ல, போனோடு. போனுக்கு ஆணையிடும், போன் ஸ்பீக்கருக்கு ஆணையிடும். மகன் டியூஷன் போனால் பொத்தானும் அனாதை. குடமா சீட்டா என்று முதலிலேயே பார்த்திருந்தால் இந்தச் செலவு மிச்சம். இப்போது அதை அம்மா தம் மாத்திரை அட்டைகள் பறக்காமலிருக்க வைத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் ஆய்வு ஒரு மாதம் தேங்கிக் கிடந்தது. அதை நகர்த்தியது தாத்தாவின் வால்வு ரேடியோ பற்றிய நினைவு. அதில் இரண்டு பெரிய குமிழ்கள். நிலையம் மாற்றும் குமிழைத் தாத்தா தவிர எவரும் தொடக்கூடாது. சத்தக் குமிழ் பொது. கூடத்தைக் கடந்து போகிற யாரும், மாவு பிசைந்த கையோடு பாட்டிகூட, புறங்கையால் அதைத் தள்ளிவிட்டுப் போவதுண்டு. தாத்தா முகம் சுளித்ததில்லை. கடைசிவரை இடப்பக்கம் திருப்பினால் 'டிக்' என்று ரேடியோவே அணைந்துவிடும். என்ன பாட்டு என்பது ஓர் அதிகாரம், எவ்வளவு சத்தம் என்பது வேறோர் அதிகாரம் என்று அந்தப் பெட்டி பிரித்து வைத்திருந்தது. இரண்டையும் ஒரே கண்ணாடித் திரைக்குள் போட்டு, அந்தத் திரையை ஒருவர் சட்டைப்பைக்குள் போட்டது நம் காலம்.

சந்தையும் இந்த வழியாகத்தான் போய்த் திரும்பியிருக்கிறது. 2005இல் சோனோஸ் நிறுவனம் தன் வீட்டு இசைக் கருவிகளோடு சுழல்வட்டம் வைத்த கைக்கருவி ஒன்றை விற்றது. அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்து அவ்வகைக் கருவிகள் மங்கின. லாஜிடெக் தன் புகழ்பெற்ற ஹார்மனி ரிமோட்டுகளைச் செய்வதையே 2021இல் நிறுத்திக்கொண்டது. இடையில் 2019 வாக்கில் சுவீடனின் ஐக்கியா ஒரு வெறும் குமிழைக் கொண்டுவந்தது. திருகினால் சத்தம் கூடும் குறையும், ஒரு தட்டுக்குப் பாட்டு நிற்கும், இரண்டு தட்டுக்கு அடுத்த பாட்டு, மூன்று தட்டுக்கு முந்தைய பாட்டு. திரை இல்லை. ஜிக்பீ என்ற குறைமின் அலையில் தனக்கென்று உள்ள இணைப்புப் பெட்டியோடு பேசும், யாருடைய போன் எந்தத் தெருவில் திரிகிறது என்று அதற்குக் கவலையில்லை. தாத்தாவின் குமிழ் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறது.

கூடத்து ஸ்பீக்கரை வைஃபை வகைக்கு மாற்றி, இதே இனத்தில் ஒரு குமிழ் வாங்கினோம். அடியில் காந்தம் இருந்ததால் பீரோக் கதவில் ஒட்டிவைத்தோம். உள்ளே காசு போன்ற தட்டைப் பேட்டரி: 2032. இருபது மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதுதான் அந்த எண். குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும் என்பதால் மூடியில் திருகாணி உள்ள குமிழாகப் பார்த்து வாங்க வேண்டும், இதில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. அந்தப் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் பொருந்தாது, கடிகாரத்தினுடையது இதற்குப் பொருந்தாது. கடிகாரம் இப்போது ஓடுகிறது.

வந்த முதல் வாரத்தில் குமிழ் இருமுறை தொலைந்தது. ஒருமுறை தோசைக்கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி அம்மா புறங்கையால் தள்ளுகிறார். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆயுத பூஜையன்று கூடத்தில் நாதஸ்வரம் கொஞ்சம் உரக்கவே ஓடிக்கொண்டிருந்தது. குறைக்கலாமென்று பீரோவுக்குப் போனால் குமிழ் இல்லை. அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மெஷின், மகனின் சைக்கிள் சாவி ஆகியவற்றோடு சாமி படத்துக்கு முன்னால், நடுமத்தியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது. ஐந்து போன்களில் ஒன்றுகூடப் பூஜைக்கு வரவில்லை. நான் கையை நீட்டினேன்.

"வைடா அத. நாளைக்கிதான் எடுக்கணும்" என்றார் அம்மா.

"சத்தம் அதிகமா இருக்கேம்மா."

"மாடிக்குப் போய் உக்காந்து கேளு, சரியா இருக்கும்."