களைத்த டி செல்லும் ஜாலான் புசார் டாக்டரும்

முனைவர் பட்டம் வாங்கியவர் இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று உற்றார் உறவினர் நம்பிக்கொண்டிருக்க, அந்த நம்பிக்கையைக் குலைப்பதற்கென்றே ஆய்வுலகம் ஏற்படுத்தி வைத்திருக்கும் பதவிதான் போஸ்ட்டாக் எனப்படுவது. மாணவராகவும் இல்லாமல் ஆசிரியராகவும் ஆகாமல், இரண்டாண்டு, மூன்றாண்டு என்று ஒப்பந்தம் ஒப்பந்தமாக நகரும் இப்பதவிக்குச் சிங்கப்பூரில் 'ரிசர்ச் ஃபெலோ' என்றும் ஒரு பெயருண்டு. அது ஊதியச் சீட்டின் மேற்பகுதியில் கம்பீரமாகத் தெரியும், கீழ்ப்பகுதியில் அவ்வளவாகத் தெரியாது. அத்தகையோருள், உடலின் சொந்த நோயெதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றுநோயை வீழ்த்த முயலும் துறையில் பணியாற்றி, ஜாலான் புசாரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவரின் நிலை இங்கே ஆராயப்படுகிறது. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒருவரே என்பதால் முடிவுகளில் ஒருதலைச் சார்பு இருக்கக்கூடும்.

மலாய் மொழியில் 'பெரிய சாலை' என்று பொருள்படும் ஜாலான் புசாரின் இருபுறமும் குளியலறைக் குழாய்களும் தரை ஓடுகளும் விளக்குகளும் விற்கும் கடைகள் நிறைந்திருக்க, அதன் கிளைத் தெருக்கள் பலவோ முதல் உலகப் போரின் நினைவாகப் பெயரிடப்பட்டவை. கிச்சனர், பீட்டி, பெட்டேன் ஆகியோர் தளபதிகள். வெர்டன், சோம், மார்ன் ஆகியவை போர்க்களங்கள். முஸ்தபா பேரங்காடியில் பொன்னி அரிசியும் பற்பசையும் வாங்கிக்கொண்டு வெர்டன் ரோட்டுப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு, 1916இல் பத்து மாதங்கள் நீடித்தும் போர்முனை சில மைல்களுக்கு மேல் நகராத அந்தச் சண்டை நினைவுக்கு வருவதில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நோயெதிர்ப்பியல் ஆய்வாளருக்கு இத்தெருக்கள் அலுவலகத்தின் நீட்சியாகவே தோன்றுகின்றன, ஏனெனில் கொல்லி செல், படையெடுப்பு, சோதனைச்சாவடி என்று அவருடைய துறை காலை முதல் மாலை வரை போர்மொழியையே பேசுகிறது.

டி செல் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளிவரும் வெள்ளணு. அங்கே நடக்கும் தேர்வில் மிகப் பெரும்பாலானவை தோற்று மடிந்துவிட, தேறியவற்றுள் ஒருவகை, கிருமி தொற்றிய செல்லையும் புற்றுச் செல்லையும் அடையாளங்கண்டு கொல்லும் பொறுப்பை ஏற்கிறது. பகை சில நாள்களில் ஒழிந்தால் சிக்கல் இல்லை. அதே பகை மாதக்கணக்கில் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தால் டி செல் ஒருவித மந்த நிலையை அடைகிறது. அதற்கு நாகரிகமான கலைச்சொல் எதையும் தேடாமல், துறையினர் நேராகவே 'களைப்பு' என்று பெயர் வைத்துவிட்டனர். களைத்த செல் உடனே செத்துவிடுவதில்லை, இருந்த இடத்தைவிட்டு விலகுவதும் இல்லை. அங்கேயே நின்றபடி, பெருகுவதையும் சுரப்பதையும் படிப்படியாகக் குறைத்து, தன் மேற்பரப்பில் பிடி-1 முதலிய தடைப் புரதங்களை மட்டும் தாராளமாக வளர்த்துக்கொள்கிறது. மூன்றாம் ஒப்பந்தத்தில் இருக்கும் போஸ்ட்டாக் ஒருவரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வரையறை புதிதன்று.

அந்தப் பிடி-1 புரதத்தை 1992இல் கண்டறிந்தது ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம். சிடிஎல்ஏ-4 என்னும் இன்னொரு தடையை விலக்கினால் டி செல்கள் புற்றைத் தாக்கும் என்று எலிகளில் காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். அவ்வழியில் உருவான முதல் மருந்துக்கு அமெரிக்கா 2011இல் ஒப்புதல் அளித்தது; இருவரும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்வளவையும் பாமரருக்கு ஒரே வரியில் சொல்வதானால் 'பிரேக்கை எடுத்துவிடுவது' என்று சொல்வது துறையில் வழக்கம்.

இவ்வழக்கத்தோடு தொடர்புடைய ஒரு துயரத்தை இங்கே பதிவுசெய்ய வேண்டியுள்ளது. இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரிக்க, ஃபைக்கால் என்னும் அடர்ந்த திரவத்தின்மேல் இரத்தத்தைக் குழாயின் சுவரோரமாக, சொட்டும் கலங்காமல் வழியவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்பொறியில் வைப்பார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்க, நடுவில் தேங்காய்ப்பால் ஆடைபோல ஒரு மெல்லிய வெண்வளையம் தோன்றும், கொள்ளவேண்டியது அதைத்தான். பொறி சட்டென்று நின்றால் அடுக்குகள் கலங்கிவிடும் என்பதால், ஓடவிடுவதற்கு முன்பே அதன் பிரேக்கை அணைத்துவிட வேண்டும் என்பது முதலாண்டு மாணவரும் அறிந்த விதி. காலைக் கூட்டத்தில் பிரேக்கை எடுப்பதன் தத்துவம் குறித்து ஒரு மணி நேரம் உரையாற்றிய நம் ஆய்வாளர், அன்றிரவு ஒன்பது மணிக்கு அந்த ஒரு பொத்தானை மறந்தார். மூடியைத் திறந்தபோது, மோரில் ரசத்தை ஊற்றியதுபோல ஒன்று குழாய்க்குள் இருந்தது.

இத்தகைய இரவுகளில் அவர் லெம்பு ரோட்டுப் பக்கம் தே-ஓ குடிக்க ஒதுங்குவதுண்டு. கடைக்காரப் பெரியவர் ஒருநாள், "டாக்டர் தம்பி, இந்த நெஞ்சுச்சளிக்கு என்ன மாத்திரை போடலாம்?" என்று கேட்க, தாம் மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்லர் என்று அவர் பணிவோடு விளக்கினார். லெம்பு என்றால் மலாயில் மாடு. பெரியவர் தெருப்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப மாட்டுக்கா?" என்றார். "இல்லண்ணே, எலிக்கு." அதன்பிறகு தே-ஓவில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகவே விழுகிறது, இரக்கத்தின் அளவுகோல் அதுவென்று கொள்ளலாம்.

களைப்புக்கு மருந்து என்ன என்பதை இப்பேட்டையின் தெருப்பலகை ஒன்று முன்பே அறிந்திருந்தது. பூ ஓடுகள் பதித்த பழைய கடைவீடுகள் வரிசையாய் நிற்கும் பெட்டேன் ரோட்டுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் தளபதி, பின்னாளில் நாஜிகளோடு ஒத்துழைத்த அரசுக்குத் தலைமை தாங்கிப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். ஆயினும் வெர்டனில் அவர் செய்த நல்ல காரியம், எந்தப் படைப்பிரிவையும் நெடுநாள் முன்னணியில் நிறுத்தாமல், நீரிறைக்கும் சக்கரத்தின் வாளிகளைப் போல மாற்றி மாற்றி ஓய்வுக்கு அனுப்பியது. செயற்கை ஏற்பி பொருத்தப்பட்ட கார்-டி செல்களுக்கும் இதே கதைதான்: தாக்கச் சொல்லும் சமிக்ஞையைச் சில நாள்கள் நிறுத்திவைத்தால் களைத்தவை மீண்டும் வீரியம் பெறுகின்றன என்று 2021இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது.

அந்தக் கட்டுரையை நிதானமாகப் படிக்க ஏற்ற நாள் ஞாயிறு. ஆனால் ஜாலான் புசாரின் மதிய வெயிலைவிடச் சற்றே சூடான 37 பாகையில், அடைப்பெட்டிக்குள் வளரும் செல்களுக்கு ஞாயிறு தெரியாது. இளஞ்சிவப்பாக இருக்கும் ஊட்டத் திரவம் அமிலமேறி மஞ்சளாகிவிட்டால் அவை பட்டினி கிடக்கின்றன என்று பொருள். ஆகவே அவர் லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, கைப்பேசியில் முன்னுரையைத் தொடங்கி, பூமலையில் வட்டப்பாதைக்கு மாறும் கூட்டத்தில் விட்ட வரியைத் தேடிப் பிடித்து, ஓய்வு பற்றிய முதல் வரைபடத்துக்கு வந்து சேரும்போது ஒன்-நார்த் நிலையம் வந்துவிடுகிறது. கட்டுரை வெளியான நாள்முதல் அவர் அந்த முதல் வரைபடத்தில்தான் இருக்கிறார்.